பால்காய்ச்சி சாரும் ஆடி மாத அட்வான்ஸும்

கும்பகோணத்து வாடகை வீடுகளில் இதுவரை பொங்கி வழிந்த பாலையெல்லாம் ஒரு வாய்க்காலில் திருப்பி விட்டிருந்தால், மேட்டூரைத் திறப்பார்களா மாட்டார்களா என்று டெல்டாக்காரர்கள் வருஷா வருஷம் தவித்திருக்க வேண்டியதில்லை. அதில் பாதிப் பாலைப் பொங்க வைத்தவர் ஒரே ஒரு மனிதர். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் என்று ஒன்று இருந்தது. ரேஷன் கடையைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. ஊருக்கு அவர் பால்காய்ச்சி, நேரில் நிற்கும்போது மட்டும் பால்காய்ச்சி சார். அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

நகராட்சியில் வீட்டு வரி வசூலிக்கும் பில் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டில் எத்தனை போர்ஷன், எந்தக் கொல்லைக் கதவு மழைக்காலத்தில் சாத்தாது, எந்த வீட்டுக்காரர் வரி பாக்கியை வைத்துக்கொண்டு கோயிலுக்கு டியூப் லைட் வாங்கிக் கொடுத்து வெளிச்சம் வெளியே வராதபடி அதில் தன் பெயரை எழுதியிருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போவார்கள், அல்லது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார்கள். இவர், அட்வான்ஸ் கொடுத்தும் வீடு கிடைக்காதவர்களின் வழக்குகளைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை. ஒரு டீ கூட வாங்கித் தராதவர்களுக்காகவும் போய் நின்றார்.

அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்பாரோ என்று தோன்றும் முகம். அந்த முகத்தோடு, ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப் பையையும் தூக்கிக்கொண்டு நடப்பார். பைக்குள் குட்டி சிலிண்டர் வைத்த ஒற்றை அடுப்பு, பித்தளைச் சொம்பு, சர்க்கரைப் பொட்டலம், தீப்பெட்டி, சில டம்ளர்கள். பாலை மட்டும் போகிற வழியில் வாங்கிக்கொள்வார். ஒருமுறை டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பிடித்துக்கொண்டார்.

"பெரியவரே, சிலிண்டரோட ஏறக் கூடாது. எறங்குங்க."

"இது சிலிண்டர் இல்ல தம்பி. சாட்சி."

"எதுவா இருந்தாலும் லக்கேஜ் டிக்கெட் போடணும்."

"கோர்ட்டுல சாட்சிக்குப் படியே குடுப்பாங்க. நீ என்னடான்னா டிக்கெட் கேக்கற" என்றார் பால்காய்ச்சி. பஸ் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் அதை நகைச்சுவையாகச் சொல்லவே இல்லை.

புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் முதலில் பால் காய்ச்சுவது நம் வழக்கம். மற்றவர்களுக்கு அது சடங்கு. இவருக்கு அதுதான் பத்திரப் பதிவு. "அக்ரிமென்ட் எழுதுங்க, பதிவு பண்ணுங்கன்னு சட்டம் சொல்லுது. நெஜந்தான். ஆனா இந்த ஊர்ல எந்த ஓனர்கிட்ட பதிவுன்னு வாயத் தொறந்தாலும், அடுத்த நிமிஷம் வீடு இல்லேம்பான். அதனால அட்வான்ஸ் குடுத்த கையோட சாவிய வாங்கிப் பாலப் பொங்க வுட்டுரணும். பால் பொங்கின வீட்டுலேர்ந்து ஆளக் கெளப்ப எவனுக்கும் கை வராது. அவன் கெளப்புனாலும் அவன் பொண்டாட்டி வுடமாட்டா" என்பார். இதைக் கேட்ட வக்கீல் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். அதே வக்கீல், தன் பெண் வாடகைக்கு எடுத்த வீட்டில் தகராறு வந்தபோது இவரைத்தான் கூட்டிக்கொண்டு போனார்.

மன்னார்குடியிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு இளம் தம்பதி. அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, தேதி குறித்தாயிற்று. திடீரென்று வீட்டுக்காரருக்கு சிங்கப்பூரிலிருந்து தம்பி வருகிறானாம், வீடு அவனுக்கு வேண்டுமாம். பால்காய்ச்சி அந்தத் தம்பதியைக் கூட்டிக்கொண்டு போய், "ஜன்னலுக்கு அளவெடுத்தோம், டேப்ப உள்ள வச்சிட்டுப் போயிட்டோம்" என்று சாவியை வாங்கினார். வீட்டுக்காரர் மாடியில் தம்பியோடு போனில் பேசி முடிப்பதற்குள் கீழே பால் பொங்கிவிட்டது. முதல் டம்ளரை வீட்டுக்காரரின் மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மா விவரம் தெரியாமல் வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லா இருங்கம்மா" என்று அந்தப் பெண்ணுக்குக் குங்குமமும் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்காரர் இறங்கி வந்து குதித்தார். மனைவி டம்ளரைக் கீழே வைக்காமல், "பாலக் குடிச்சிட்டேங்க. இனிமே மாத்திச் சொன்னா நம்ம புள்ளைங்களுக்கு ஆகாது. உங்க தம்பிக்கு இந்த ஊர்ல வேற வீடா இல்ல?" என்றார். கொழுந்தன் கீழ் போர்ஷனுக்கு வருவதை அந்த அம்மா எவ்வளவு விரும்பினார் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்ததாம். பால்காய்ச்சி அடுப்பை ஊதி ஆற வைத்துப் பையில் போட்டுக்கொண்டு "பைசல்" என்றார். வரி வசூல் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட சொல் அது. ஒரு விவகாரம் முடிந்துவிட்டால் அவர் வாயிலிருந்து வேறு எதுவும் வராது.

எல்லா இடத்திலும் பால் ஜெயிக்கவில்லை. அதிராம்பட்டினத்தில் மீன் விற்கிற ஒரு அம்மா, மகள் திருவாரூர்ப் பக்கம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததால் அங்கே ஒரு சின்ன வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார். கையில் கொடுத்தார், ரசீது இல்லை. வீட்டுக்காரர் அதே வீட்டை இன்னொருவருக்கும் பேசிவிட்டார். யார் மூலமாகவோ விஷயம் இவர் காதுக்கு வர, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பால் பொங்கியது. அந்த வீட்டுக்காரர் வாங்கிக் குடித்தார். சர்க்கரை போதவில்லை என்று சொல்லி இன்னொரு டம்ளர் கேட்டார். அதையும் குடித்துவிட்டு எல்லாரையும் வெளியே அனுப்பிப் பூட்டினார். "எந்த அட்வான்ஸ்?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது அந்த மீன்கார அம்மாதான் இவரைத் தேற்றினாராம். "வுடுங்கண்ணே. ஒரு நாளு வலை கிழிஞ்சிச்சின்னு நெனச்சுக்கறேன்." வீட்டுக்கு வந்து இவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விடமாட்டார்: அட்வான்ஸைக் கையில் கொடுக்காதே, போனில் அனுப்பு. அனுப்பும்போது இன்ன வீட்டுக்கு அட்வான்ஸ் என்று ஒரு வரி சேர்த்து எழுது. காய்கறிக் கடையில் முன்பின் தெரியாதவர்களிடமும் சொல்வார். கேட்பவர்கள் கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே தலையாட்டுவார்கள்.

அவருக்கு ஜென்ம விரோதி என்று ஒருவர் உண்டென்றால் அது ஆடி மாதம்தான். ஆடியில் யாரும் குடிபோகமாட்டார்கள், பால் காய்ச்சமாட்டார்கள். ஆனியில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஆவணிக்காகக் காத்திருப்பார்கள். நடுவில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும், வீட்டுக்காரர் மனசு நாலு பக்கமும் அலைபாயும். "கும்பகோணத்துல அட்வான்ஸ் வழக்குல முக்காவாசி ஆடியில பொறந்ததுதான். அந்த மாசம் ஓனருங்களுக்கு சாமி குடுத்த லீவு" என்பார். இதை அவர் என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

நான் அப்போது ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது வேறொரு கட்டுரைக்கான விஷயம், அதை நான் எழுதப்போவதும் இல்லை. வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டவர். மூட்டை மூட்டையாகப் பார்த்த மனிதரைப் பக்கவாதம் ஒரு காலையில் மூட்டையாகவே சாய்த்துவிட்டது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை: "சரி." பசிக்கிறதா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி, நான் செத்துப்போகட்டுமா அப்பா என்று ஒருநாள் அலுப்பில் கேட்டதற்கும் சரி.

நாங்கள் இருந்த வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் இடித்துக் கட்டப்போகிறார், ஆவணி பிறந்ததும் காலி செய்தாக வேண்டும். எனக்கு வேண்டியது பெரிய வீடில்லை. தரைத்தளம், சக்கர நாற்காலி நுழைகிற கதவு, உட்கார வசதியான கக்கூஸ், அப்பா படுத்தபடி கொஞ்சம் வானம் பார்க்க ஒரு ஜன்னல். இந்த நாலும் சேர்ந்து அமைகிற வீடு அபூர்வம். அலைந்து திரிந்து, ஆனி முடிகிற வாரத்தில் அப்படி ஒன்று கிடைத்தது. யார் யார் என்று வீட்டுக்கார அம்மா கேட்டார், நானும் அப்பாவும் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அங்கேயே போனில் அட்வான்ஸை அனுப்பினேன். "ஆடி கழியட்டும் டீச்சர், ஆவணி மொத முகூர்த்தத்துல பால் காச்சிடலாம்" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

கெட்ட எண்ணமே இல்லாமல்தான் எல்லாம் கெட்டது. ஆடிப்பெருக்கன்று அந்த அம்மா காவிரிக்குப் போய்விட்டு, வரப்போகிற குடித்தனக்காரி ஆயிற்றே என்ற பிரியத்தில், தூக்கு நிறைய எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கூடத்தில் கட்டிலைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்தார்.

"அய்யா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

"சரி" என்றார் அப்பா.

"ரொம்ப நாளா இப்படியா?"

"சரி."

அதற்குமேல் அந்த அம்மா கேட்கவில்லை. தூக்கைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் போனார். மறுநாள் போன் வந்தது. அந்த போர்ஷனைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்களாம். வீடு இத்தனை நாள் சும்மா கிடந்ததால் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்களாம்.

அன்று சாயங்காலம் பால்காய்ச்சி சார் எங்கள் வாசலில் நின்றார். நான் சொல்லி அனுப்பவில்லை. அவருக்கு இந்த மாதிரிச் செய்திகள் எப்படிப் போகும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஆனியில அட்வான்ஸ் குடுத்தீங்க. அன்னிக்கே பால் காச்சினீங்களா?"

"இல்ல சார். ஆடி கழிச்சு…"

"கணக்கு டீச்சருன்னு பேரு" என்றார். "பணம் எப்படிக் குடுத்தீங்க?"

"போன்ல. வீட்டு அட்வான்ஸ்னு எழுதி அனுப்பினேன்."

"பணத்துக்கு அது போதும். வீட்டுக்குப் போதாது. எழுதிக்கிட்ட ஒப்பந்தம் இருந்தா வாடகை அதிகாரிகிட்ட போய் நிக்கலாம். அதுவும் இல்ல. நாளைக்குக் காலையில வாங்க, போவோம்" என்று சொல்லிவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். "அய்யா, நான் பாத்துக்கறேன்."

"சரி" என்றார் அப்பா. பால்காய்ச்சி என்னைப் பார்த்தார். "எம் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத ஒரே மனுஷன் டீச்சர் இவரு" என்றார். அன்றிலிருந்து அவருக்கு அப்பா என்றால் உயிர்.

காலையில் போனோம். வழியில் பால் பாக்கெட் வாங்கினார். எனக்கு நம்பிக்கை வந்தது. ஆடியோ ஆவணியோ, பொங்க வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வீட்டுக்கார அம்மா எங்களைக் கண்டதும் அழுகிற மாதிரி ஆகிவிட்டார். உட்காரச் சொன்னார். சண்டைக்கு வந்தவர்களுக்குக் காப்பி போட்டுத் தருகிற ஊர் இது.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. பையனுக்கு தையில கல்யாணம் வச்சிருக்கோம். அந்த போர்ஷன்ல ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, அப்பறம் இந்த வீட்டுல எப்படி நல்லது பண்றது? எனக்கு ராத்திரி தூக்கமே வரல."

நான் பால்காய்ச்சியைப் பார்த்தேன். மடியில் பை, பைக்குள் அடுப்பு. அவர் கை அதன் பக்கம் போகவே இல்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, வீடு வேணாம். பணம் முழுசா வரணும்" என்றார்.

"ஒரு மாசம் சும்மா கெடந்துச்சேண்ணே."

"அவங்க வரலேன்னு சொல்லியிருந்தா நீங்க நஷ்டம் கேக்கறது நியாயம். வேணாம்னது நீங்க. அப்பறம் அவங்க பணத்துல எப்படிப் பிடிப்பீங்க? வீடு சும்மா கெடந்துச்சுங்கறீங்க. ஆடியில எந்த வீடு சும்மா கெடக்கல? அது உங்களுக்கு வந்த நஷ்டம் இல்ல, ஆடிக்கு வந்த நஷ்டம். ஆடிகிட்ட கேளுங்க."

அந்த அம்மா உள்ளே போய்ப் புருஷனிடம் ஏதோ பேசினார். நாங்கள் வாசல் தாண்டுவதற்குள் என் போனில் முழுப் பணமும் வந்துவிட்டது. அவர் பைசல் என்று சொல்லவில்லை.

தெருவில் இறங்கியதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எதுக்கு சார் பால் வாங்கினீங்க? ஏன் காச்சல? பணத்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எங்கப்பாவ எங்க கொண்டு போய்ப் படுக்க வைக்கறது?" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

"பேராசக்காரன் வீட்டுல காச்சலாம் டீச்சர். பயந்தவங்க வீட்டுல காச்சக் கூடாது. அந்தம்மா தெனம் காலையில ஜன்னல் வழியா எட்டிப் பாக்கும், மூச்சு இருக்கா இல்லையான்னு. உங்கப்பா அதப் பாத்துக்கிட்டே கெடக்கணுமா?" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார். "எம் பொண்டாட்டிக்கு முடியாமப் போனப்ப இதே காரணத்தச் சொல்லித்தான் அட்வான்ஸ் வாங்கின வீட்ட இல்லேன்னாங்க. தஞ்சாவூரு ஆஸ்பத்திரி வராண்டாவுலயே போயிட்டா. படுக்க ஒரு எடம் கெடைக்கல."

அவர் என் வீட்டுக்கு வரவில்லை. தன் வீட்டுக்குத் திரும்பினார், என்னையும் வரச் சொன்னார். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, எல்லாம் தரைத்தளம். அதுவும் வாடகை வீடுதான். தஞ்சாவூரில் இருக்கும் தன் வீட்டுக்காரருக்கு என் எதிரிலேயே போன் போட்டார். "ஒரு பெரியவர் வர்றார், படுத்த படுக்கைதான், மறைச்சு எனக்குப் பழக்கமில்ல" என்றார். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகத் திட்டு விழுந்தது. "வாடகைய ஏத்திக்குங்க" என்று வைத்துவிட்டார். பிறகு அதே பாலை எடுத்துச் சமையற்கட்டில் வைத்தார்.

"சார், ஆடியில காச்சினா ஆகாதும்பாங்களே."

"எனக்கு ஆக வேண்டியதெல்லாம் ஆயாச்சு. நீங்க டம்ளர எடுங்க."

அறையை எங்களுக்கு விட்டுவிட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டார். நான் பள்ளிக்கூடம் போய்விட்டால் அப்பாவுக்கு அவர்தான் துணை. காலையில் பேப்பரை உரக்கப் படித்துக் காட்டி, ஒவ்வொரு செய்திக்கும் அப்பாவிடம் தீர்ப்பு கேட்பார். எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்புதான். தன் பழைய வழக்குகளை முதலிலிருந்து விவரிப்பார். திருவாரூர் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிட்டு, "அவன நாசமாப் போன்னு சொன்னேன் அய்யா, சொன்னது சரியா?" என்று கேட்பார். அப்பா "சரி" என்பார். அப்போது மட்டும் அப்பாவின் குரலில் கொஞ்சம் அழுத்தம் இருந்ததாக அவர் சத்தியம் பண்ணுவார்.

கார்த்திகை மழையில் அப்பா போனார். காலையில், கட்டிலில், ஜன்னல் பக்கம் முகம் வைத்தபடி. எட்டிப் பார்த்துப் பயந்தவர் யாரும் இல்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி அதுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தஞ்சாவூர்க்காரர் வந்தார். வீட்டைப் புண்ணியாகவாசனம் செய்ய வேண்டும், வெள்ளையடிக்க வேண்டும், ஆகவே காலி செய்ய வேண்டும் என்றார். ஊரில் யார் யாருக்கோ மல்லுக்கு நின்ற மனிதர், தனக்கென்று வந்தபோது நிற்கவில்லை. "ஓனரு திட்டிக்கிட்டேதான் ஒத்துக்கிட்டாரு டீச்சர். இத்தன நாளு விட்டதே பெரிசு" என்றார். அட்வான்ஸில் வெள்ளையடிக்கிற செலவைப் பிடித்துக்கொண்டார்கள். நான் சண்டைக்குப் போனேன், கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

பிறகு நாங்கள் இருவரும் வீடு தேடினோம். சொந்தமில்லாத கிழவரோடு ஒரு டீச்சர் குடியிருப்பதா என்று தெரு பேசியது. பேசட்டும் என்று விட்டேன். அதற்குள் அவருக்கும் சர்க்கரை காலில் இறங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. போகிற வீட்டிலெல்லாம் நான் வாசலிலேயே சொல்லிவிடுவேன்: இவருக்கு உடம்பு சரியில்லை, இந்த வீட்டிலேயே ஏதாவது ஆனாலும் ஆகும், ஆகிற வரைக்கும் நான் பார்த்துக்கொள்வேன், இதெல்லாம் தெரிந்து சம்மதமென்றால் எழுதிப் பதிவு செய்துகொள்வோம். பாதிப் பேர் பதிவு என்றதும் கதவைச் சாத்தினார்கள். மீதிப் பேர் அதற்கு முன்பே சாத்திவிட்டார்கள். கடைசியில் ஒரு ரயில்வேக்காரர் வீடு தந்தார். அங்கேதான் பால்காய்ச்சி சார் இரண்டு வருஷம் இருந்து, போன ஐப்பசியில் போனார்.

அந்த வீடு கிடைப்பதற்கு முந்தின நாள் வெயிலில் அலைந்து அலுத்து, காவிரிப் பாலத்துப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவருக்குக் கோபம்.

"ஏன் டீச்சர் இப்படிப் பிடிவாதம் பிடிக்கறீங்க? என்னைச் சொல்லாம இருந்திருந்தா உங்களுக்கு எப்பவோ வீடு கெடச்சிருக்கும்."

"உங்கள விட்டுட்டுக் கெடைக்கற வீட்டுல நான் மட்டும் இருந்து என்ன சார் பண்றது?" என்றேன்.